படத்தை வெளியில் வைக்கச் சொன்னார்கள்

முள்ளியவளை,
வைகாசி.

அன்பின் புனிதம்,

நான் நலம். நீயும் மகள் வீட்டாரும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன். பேரனின் படம் கிடைத்தது. மூக்கு உங்கள் ஐயாவின் மூக்கேதான், மறுத்துப் பேசாதே.

தைப்பொங்கலன்று தொலைபேசியில் நீ ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன்; அதன்பின் நான்கு மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இப்போது எழுதுகிறேன். “தெருவோரத்தில் இருந்து தேவாரமும் செபமாலையும் சொன்னால் பிள்ளை வந்துவிடுமோ?” என்று நீ கேட்டபோது காணாமல் ஆக்கப்பட்ட உன் தம்பியை நினைத்துத்தான் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே வாய் வரவில்லை. பங்குனியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் என் பதிலும் உனக்கு விளங்கும்.

சமாதானமும் இசையும் என்று ஒரு நிகழ்ச்சி நடத்தப்போவதாகவும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தெருவோரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்துத் தாய்மார் ஆறு பேர் பாட வேண்டும் என்றும் ஒரு நிறுவனத்தார் கேட்டு வந்தார்கள். பழக்கும் பொறுப்பு என் தலையில். மூன்று பேர் கண்ணகி அம்மாளின் வழக்குரைப் பாட்டும், மற்ற மூன்று பேர் தவக்காலத்து வியாகுல ஒப்பாரியும் பாடுவதென்று முடிவாயிற்று. ஒரு மாதம் என் வீட்டு விறாந்தையில் பழகினோம். மகனைப் பறிகொடுத்த மாதாவின் பாட்டும், கணவனுக்காக அரசனிடம் நீதி கேட்ட கண்ணகியின் பாட்டும் அடுத்தடுத்து வந்தபோது, எது எந்தச் சமயத்தின் பாட்டென்று என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

நிகழ்ச்சியன்று மண்டப வாசலில், பிள்ளைகளின் படங்களை வெளியில் வைத்துவிட்டு வரும்படி ஒரு தம்பி மரியாதையாகத்தான் சொன்னான். பார்ப்பவர்களின் மனம் நோகக்கூடாதாம். மனதைத் தேற்றும் பாட்டுகள் போதுமாம். எங்கள் ஒழுங்கைப் பெரியம்மாவை உனக்குத் தெரியும். அவர் கையிலிருந்தது, போரின் கடைசி நாட்களில் கடந்துவந்த வட்டுவாகல் தண்ணீரில் நனைந்த படம். மகனின் வலது தோளில் பழுப்பாக ஒரு நீர்க்கறை இருக்கிறது. முகத்துக்கு அது ஏறவில்லை. பிறகு லமினேற் செய்து, மூலையில் துளையிட்டு, நைலோன் நூல் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்த நூலைப் பிடித்தபடி, “படம் வெளியில எண்டால் பாட்டும் வெளியிலதான் தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மற்ற ஐவரும் அவர் பின்னே போனார்கள். வளவுக்குள் நின்ற வேப்பமரத்தின் கீழ் நின்று ஒரு மாதம் பழகிய அத்தனையையும் பாடி முடித்தார்கள். கேட்டவர்கள் வான் சாரதிமார் இருவரும், சமையலுக்கு வந்திருந்த பெண்களும், நானும். சமையலுக்கு வந்தவர்களில் ஒருத்தி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் அண்ணனின் பெயரையும் சேர்த்துப் பாடும்படி கேட்டாள். சேர்த்துப் பாடினார்கள்.

எனக்கு அன்று கோபம், இன்றும் ஆறவில்லை. சமாதானம் என்ற சொல்லை மறதிக்கு மறுபெயராக்கிவிட்டு, பாட்டை அதற்குப் பஞ்சணையாக வைக்கப் பார்க்கிறார்கள். உங்கள் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை சமாதானத்தை அப்படிப் பேசவில்லையே! 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059, போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 தையில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் கேட்டார். மாவட்ட அரச செயலகமான கச்சேரியும் ஐக்கிய நாடுகளும் எழுதிய கணக்கை எடுத்துக் கழித்துப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பலிபீடத்தில் நின்ற ஒருவர் கழித்தல் கணக்கோடு போய் நின்றதை நான் செபமாகவே எண்ணுகிறேன். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் கண்மூடியபோதும் அந்த மீதிக்குப் பதில் வரவில்லை.

முப்பது வருடம் அப்பர் தேவாரம் படிப்பித்தவள் நான். “நாமார்க்கும் குடியல்லோம்” என்பதைப் பிள்ளைகள் காலைப் பிரார்த்தனையில் கைகட்டி நின்று பாடும்போது, அது பல்லவ அரசன் அழைத்துவர அனுப்பிய அமைச்சரிடம், வரமாட்டேன் என்று சொன்ன பதில் என்பதைப் பாடக்குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்திருக்கிறேன். நீற்றறைக்குள் ஏழு நாள் அடைத்தபோது “மாசில் வீணையும்” பாடினார் என்பதையும் அப்படியே கடந்தேன். சுண்ணாம்புச் சூளைக்குள் இருந்தவருக்கு வீணையும் மாலை மதியமும் ஏன் நினைவுக்கு வந்தன என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் கேட்கத் தூண்டவில்லை. வேப்பமரத்தின் கீழ்தான் எனக்கு அது உறைத்தது.

இதே வழியில் இன்னொருத்தி இருந்தாள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்த பானி லூ ஹேமர் என்ற கறுப்பினத் தாய். 1962 ஓகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதியப் பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும்போது, பஸ்ஸின் மஞ்சள் நிறம் கூடிவிட்டது என்று சொல்லிப் பொலிஸ் மறித்துத் தண்டம் விதித்தது. மறித்த காரணத்தைக் கேட்டால் எங்கள் சோதனைச்சாவடிகள் உனக்கு நினைவு வருகிறதா? எல்லோரும் பயந்திருந்த அந்த பஸ்ஸுக்குள் அவள் கோயில் பாட்டுகளைப் பாடத் தொடங்கினாள். அன்றிரவே தோட்டத்து வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாள். அடுத்த வருடம் வினோனா என்ற ஊர்ச் சிறையில் உடல் கெடும்வரை அடித்தார்கள். அங்கும், பவுலும் சீலாவும் சிறையில் பாடிய கதையையே பாட்டாகப் பாடினாள். வேதாகமத்தில் நீ எனக்குப் படித்துக் காட்டிய அதே இடம்தான்.

உன் ஊரையும் நினைத்துப் பார். 1992இல் இரணைதீவை விட்டு வந்த சனம், 2017 மே 1 முதல் ஒரு வருடம் இரணைமாதாநகரில் போராட்டமாக இருந்து தீவைத் திருப்பிக் கேட்டும் விடை கிடைக்காமல், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவுக்குப் போனார்கள். கரை தெரியும்வரை செபமாலை நிற்கவில்லை என்றும், கரை தெரிந்தபோது ஒருவருக்கும் சத்தம் வரவில்லை என்றும் உன் சின்னம்மா என்னிடம் சொன்னார். அவர் உன்னிடம் சொல்லவில்லையா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பாடினால் பிள்ளை வராது, புனிதம். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் இருக்கத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். ஆனால், பாட்டு இல்லாவிட்டால் அவர்கள் முதலாவது மழைக்கே எழும்பிப் போயிருப்பார்கள் என்பதும் உண்மை. அந்தப் பாட்டுக்குள் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்ல வாய் வராத நாளில் மெட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வருகிறது. நான் கண்டது இவ்வளவுதான்.

நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவரிடம், எண்ணெய் இல்லாவிட்டால் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றுங்கள் என்று கிழவியாய் வந்து சொன்ன அம்மாளின் கதையை உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இம்முறையும் அந்த விளக்குக்காகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் உப்புநீர் எடுக்கப் போனோம். 2009க்குப் பிறகு கடற்கரைக்கே வராத பெரியம்மா இம்முறை வந்தார். படத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, வழக்குரையின் முதல் இரண்டு அடிகளை மெல்லப் பாடினார். மூன்றாவது அடி வரவில்லை. அருகில் நின்ற நான் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்குள்ள பெரிய கவலையும் அதுதான். மூன்றாவது அடியை எடுத்துக் கொடுக்க இன்னும் பத்து வருடத்தில் யார் இருப்பார்கள்? ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கத் தொடங்கிவிட்டேன். வழக்குரையை நான் பார்த்துக்கொள்வேன். ஒப்பாரிக்கு உங்கள் ஐயாவின் நீலமட்டைக் கொப்பி வேண்டும். மகளைத் தட்டச்சுச் செய்ய விடாதே; ஐயாவின் எழுத்திலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பு. கொப்பியில் மெட்டு இல்லை, அது உன் தொண்டையில் மட்டுமே இருக்கிறது. குரல் கெட்டுவிட்டது என்று சாட்டுச் சொல்லாமல் நீயே பாடிப் பதிந்து அனுப்பு. உன் தம்பியின் பெயரை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்.

பெரியம்மா ஆனியில் கண் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போகிறார். அதற்கு முன் கேட்க வேண்டும் என்கிறார்.

என்றும் அன்புடன்,
சரஸ்