மேடைக்கும் ஒரு சாய்தளம் வேண்டும்: பண்பாட்டுத் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒருங்கிணைப்பாளர்,
மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் நடிக்கும் நாடகக் குழு,
மதுரை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: அரசுக் கலையரங்குகளில் மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் சக்கர நாற்காலி போக வழி செய்வது, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களைக் கலைஞர்களாக நடத்துவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவை எழுதித் தரச் சொல்லி முதலில் ஒருவரிடம் போனேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். என் சக்கர நாற்காலியைப் பார்த்ததுமே, நான் வாயைத் திறப்பதற்குள், "உதவித்தொகையா, பெட்ரோல் ஸ்கூட்டரா?" என்று கேட்டபடி வெள்ளைத்தாளை எடுத்துவிட்டார். ரெண்டும் இல்லை அண்ணே, நாடக மேடைக்கு ஏற வழி கேட்டு எழுதணும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், "அதுக்கு ஃபார்ம் எதுவும் இல்லையே தம்பி" என்று பேனாவை மூடிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அதனால் நானே எழுதுகிறேன், நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் ஆறு பேர். எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது, நடக்க முடியாது. இரண்டு பேருக்குப் பார்வை இல்லை, இரண்டு பேருக்குக் காது கேட்காது, ஆறாவது ஆளுக்கு எந்தக் குறையும் இல்லை, வேன் ஓட்டுவதும் லைட் போடுவதும் அவர்தான். பன்னிரண்டு வருடமாக நாடகம் போடுகிறோம். பள்ளிக்கூடம், கல்லூரி, கோயில் திடல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம்.

போன வருடம் ஒரு மாவட்டத் தலைநகரில், அரசுக்குச் சொந்தமான ஓர் அரங்கில் நாடகம். எந்த ஊர் என்று எழுதவில்லை, யாரையும் மாட்டிவிடுவது நோக்கம் இல்லை, போன வேறு ஊர்களிலும் இதே கதைதான். வாசலில் சாய்தளம் இருந்தது, எவர்சில்வர் கைப்பிடியோடு, பளபளவென்று. உள்ளே முதல் வரிசையில் சக்கர நாற்காலி நிற்க இடமும் விட்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் மேடையைப் பார்த்தேன். எட்டுப் படி, பக்கத்தில் கைப்பிடிகூட இல்லை. மேலாளரிடம் கேட்டேன். "நீங்க முன்னாடி உக்காந்து பாக்க எல்லா வசதியும் இருக்கே சார்" என்றார். நான் பார்க்க வரவில்லை, நடிக்க வந்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. என் மனுவின் மொத்த விஷயமும் இதுதான். கட்டடம் கட்டுகிறவர் மனதில் நாங்கள் பார்வையாளராக இருக்கிறோம், பயனாளியாக இருக்கிறோம், நடிகராக இல்லை.

கடைசியில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். பழக்கம் இல்லாதவர்கள் சக்கரத்தைப் பிடிப்பார்கள், சக்கரம் சுழலும், பிடி நழுவும். பிடிக்க வேண்டியது சட்டத்தை. (நாற்காலியின் இரும்புச் சட்டத்தைச் சொல்கிறேன், இன்னொரு சட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.) ஐந்தாவது படியில் ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு அன்று ராஜா வேடம். கிரீடம் கழன்று படியில் தட்டித் தட்டி உருண்டுபோய்க் கீழே நின்றது. திரையும் போட்டிருக்கவில்லை, முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடம் கழித்து நான் கம்பீரமாக "யாரங்கே!" என்று குரல் கொடுத்தபோது முன்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. படியில் தூக்கிவரப்பட்ட ஆளை யார் ராஜாவாக நம்புவார்கள்?

கழிவறைக் கதவு இரண்டடி அகலம், என் நாற்காலி இருபத்தாறு அங்குலம். காலையில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை, இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஆனால் இரவு சாமான் ஏற்றும்போது வேன்கார நண்பர் கூப்பிட்டுக் காட்டிய ஒன்றைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அரங்கின் பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஜெனரேட்டரையும் தள்ளிக்கொண்டு போக மேடைவரைக்கும் ஒரு சரிவு இருந்தது. நாங்கள் வந்தபோது அதன் குறுக்கே பழைய நாற்காலிகளை அடுக்கி, கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் ஏற வழி இருந்திருக்கிறது, நடிகன் ஏற இல்லை.

நாடகம் முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். "தன்னம்பிக்கையின் சிகரம்" என்றார்கள், பலத்த கைதட்டல் கேட்டு வாங்கினார்கள். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வசனம் மோசம், இரண்டாம் காட்சி இழுக்கிறது என்று ஒருவராவது திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். வண்டி வாடகைக்குப் போக மிஞ்சியது அந்தப் பொன்னாடைதான், வீட்டில் பதினேழு இருக்கிறது.

சாய்தளம் என் பிரச்சினை. குழுவில் மற்றவர்களுக்கு வேறு வேறு. எங்கள் ஆட்டக்காரப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, ஆனால் பறை அடிக்கு ஒரு அடி தவறாமல் ஆடுவாள். எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். மரப்பலகைத் தளத்தில் வெறுங்காலோடு நின்றால் பறையின் அதிர்வு பாதத்தில் ஏறும். சிமென்ட் மேடையில் அது செத்துவிடும், அதற்கு மேலே சிவப்புக் கம்பளமும் விரித்துவிட்டால் அவளுக்கு ஒன்றுமே வராது. விருந்தினர் வருகிறார் என்று கம்பளம் விரிப்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பார்வை இல்லாத நண்பர்களுக்காக மேடை விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே சணல் கயிறு வைத்து அதன் மேல் டேப் ஒட்டுவோம், கால் பட்டதும் நின்றுகொள்வார்கள். ஓர் ஊரில் அது அசிங்கமாக இருக்கிறது என்று நாடகம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு பிய்த்துப் போட்டுவிட்டார்கள். அன்று விளிம்பு வரைக்கும் வந்து நின்ற நண்பரை நான் பக்கத் திரையிலிருந்து பெயர் சொல்லிக் கத்தி நிறுத்தினேன். கூட்டம் அதையும் வசனம் என்று நினைத்துக்கொண்டது.

சரி, அந்த இன்னொரு சட்டத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 29-வது பிரிவு பண்பாட்டு வாழ்வைப் பற்றியது, உங்கள் துறைக்கு மிக நெருக்கமான பிரிவு. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதி, ஆதரவு, நிதி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கலைப் படிப்புகளை நாங்களும் சேர்ந்து படிக்கும்படி மாற்றியமைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 45-வது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நாங்கள் புழங்கும்படி மாற்றச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துபோனது. நான் வழக்கு போடப்போவதாக மிரட்டவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் இல்லை, கணக்கை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சினிமாவிலும் இதே பார்வையாளர் கதைதான். திரையரங்குகளில் பார்வையற்றோருக்கு ஒலி விவரிப்பு, காது கேளாதோருக்கு எழுத்து வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மிக நல்ல விஷயம், எங்கள் நண்பர்கள் காத்திருந்து கேட்டது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் மட்டும் போதுமா, அந்தப் பக்கம்? அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில், மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகவோ வழக்கமான பரிதாப அச்சிலோ காட்டக்கூடாது, படைப்பு உருவாகும்போதே அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. ஒரு படத்தில் சக்கர நாற்காலி வேடம் என்று நடிகர் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போனேன், நடித்துக் காட்டினேன், நல்லா இருக்கு என்றார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டது நடிக்க அல்ல, நடக்கத் தெரிந்த நடிகர் ஒருவருக்கு நாற்காலி ஓட்டச் சொல்லிக்கொடுக்க. நின்ற இடத்திலேயே திரும்ப ஒரு கை முன்னால் தள்ள வேண்டும், மறு கை பின்னால் இழுக்க வேண்டும், கட்டைவிரல் அடியில் இத்தனை காய்ப்பு இருக்க வேண்டும், இதையெல்லாம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளுகிற நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். நல்ல மனிதர் அவர், ஷாட் முடிந்து எழுந்து வந்து என்னிடம் "சரியா பண்ணேனா?" என்றும் கேட்டார். சரியாகத்தான் பண்ணினார். வேறு என்ன சொல்ல.

தனியார் படத்தில் யாரை நடிக்கவைப்பது என்று உங்களால் உத்தரவு போட முடியாது, தெரியும். ஆனால் அரசே எடுக்கும் விழிப்புணர்வுப் படங்கள், குறும்படங்கள், விளம்பரங்கள் இருக்கின்றனவே. அவற்றில் மாற்றுத்திறனாளிப் பாத்திரம் வந்தால் மாற்றுத்திறனாளி நடிகரைத்தான் முதலில் தேட வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி செய்தித் துறைக்கு நீங்கள் எழுதலாம். பாத்திரம் மாற்றுத்திறனாளியாக இல்லாவிட்டாலும் எடுக்கலாம், வங்கி மேலாளர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

படிப்பு விஷயமும் உண்டு. நிறக்குருடு என்று சொல்லி புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிக்க இடம் மறுக்கப்பட்ட மாணவர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சினிமா பல பேர் சேர்ந்து செய்யும் கலை, இந்தக் காரணத்துக்காக எந்தப் படிப்பிலும் கதவை மூடக்கூடாது என்று 2022-ல் தீர்ப்பு வந்தது. அரசு இசைக் கல்லூரிகளிலும் இசைப் பள்ளிகளிலும் தரமணி திரைப்பட நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்படி ஒதுக்க வேண்டிய இடங்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அரசு வெளியிட்டால் நன்றாக இருக்கும். பார்வையில்லாத வயலின் வித்வான் எம். சந்திரசேகரனுக்கு மியூசிக் அகாதெமி 2005-ல் சங்கீத கலாநிதி கொடுத்த ஊர் சென்னை. திறமை எங்கே என்று யாரும் கேட்க முடியாது.

இரட்டைப் புலவர்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பார்வை இல்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொள்ள, ஒருவர் வழி சொல்ல, ஒருவர் நடக்க, ஊர் ஊராகப் போய் ஆளுக்குப் பாதியாக வெண்பா பாடியவர்கள். எங்கள் குழுவுக்கு அவர்கள்தான் குலதெய்வம். சோறு கிடைக்காத ஊரில் சிவனையே கேள்வி கேட்டுப் பாடியிருக்கிறார்கள். எனக்கு வெண்பா வராது, மனுதான் வருகிறது.

ஆகவே கேட்பது இவைதான். உங்கள் ஆளுகையில் உள்ள ஒவ்வொரு அரங்கிலும் மேடைவரை வழி இருக்கிறதா, ஒப்பனை அறையிலும் கழிவறையிலும் நாற்காலி நுழையுமா என்று ஒரு கணக்கெடுப்பு, அதில் எங்களைப் போன்ற கலைஞர் ஒருவர் கூட வர வேண்டும். பின்பக்கச் சரிவு இருக்கும் இடத்தில் செலவே இல்லை, பூட்டைத் திறந்து நாற்காலிகளை எடுத்தால் போதும். இல்லாத இடத்தில் கட்ட வேண்டும். எட்டுப் படி, படிக்கு ஆறு அங்குலம் என்றால் நான்கடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவுக் கணக்கில் நாற்பத்தெட்டு அடி நீளம் வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கத் தட்டையாக ஓர் இடமும் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத அரங்குக்குச் சின்ன மின்தூக்கி. கலைக்குழுக்களுக்கு நிதி தரும்போது சைகை மொழிபெயர்ப்பாளர் சம்பளத்தையும் உடன் வருபவர் செலவையும் தனி இனமாகக் காட்ட அனுமதிக்க வேண்டும். இப்போது அதைச் சாப்பாட்டுச் செலவுக்குள் ஒளித்து எழுதவேண்டியிருக்கிறது, எழுதும்போது கை கூசுகிறது. ஒத்திகைக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மேடையில் மட்டும் வந்து நின்றால் போதாது. அப்புறம், பொங்கலுக்கு நடக்கும் சென்னை சங்கமம் போன்ற அரசு விழாக்களில் எங்களையும் மற்றக் குழுக்களோடு அதே தேர்வில், அதே சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேறாவிட்டால் எடுக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ஆம் தேதி மட்டும் நான்கு இடங்களில் இருந்து கூப்பிடுகிறார்கள், மறுநாள் முதல் போன் அடிப்பதில்லை.

கணக்கெடுப்புக்கு அளவு நாடாவோடு நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம், வேன் டீசல் மட்டும் போதும். பதில் அனுப்பும்போது போனில் கூப்பிடுவதைவிடக் குறுஞ்செய்தியாகவோ கடிதமாகவோ அனுப்பினால் உதவியாக இருக்கும், குழுவின் கைபேசி காது கேளாத நண்பரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறு பேர் சார்பாக,
ஒருங்கிணைப்பாளர்.

இணைப்பு: அரங்கின் எட்டுப் படிகள், பின்பக்கச் சரிவு, பூட்டிய கதவு (புகைப்படங்கள் மூன்று).