விக்னேஸ்வரனின் விருப்பு வாக்கை எப்படி வாசிப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

வட மாகாண முன்னாள் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரனின் தேர்தல் கணக்கை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறார்கள். 2013 மாகாண சபைத் தேர்தலில் 132,255 விருப்பு வாக்கு, 2020 பாராளுமன்றத் தேர்தலில் 21,554. ஆகவே செல்வாக்கு ஆறில் ஒன்றாகிவிட்டதாம். எண்கள் சரி, ஒப்பீடுதான் பிழை.

முதலில் களமே வேறு. 2013இல் யாழ். நிர்வாக மாவட்டம் மட்டும், 16 ஆசனம். 2020இல் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ். தேர்தல் மாவட்டம், 7 ஆசனம்.

அடுத்தது, விருப்பு வாக்கு கட்சிப் பட்டியலுக்குள்ளேயே நடக்கும் போட்டி. கட்சிக்குப் புள்ளடி இட்டவர்தான் அதன் வேட்பாளர்களில் மூவர் வரை தெரிவு செய்யலாம். 2013இல் இரண்டாம் இடம் வந்த அனந்தி சசிதரனுக்கு 87,870. இருவருடையதையும் கூட்டினால் 220,125. இருவரும் நின்ற, வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சிக்கு யாழ். மாவட்டத்தில் விழுந்த வாக்கோ 213,907தான். குறைந்தது ஆறாயிரம் பேராவது இருவருக்கும் இட்டிருக்கிறார்கள்.

எனவே பார்க்க வேண்டியது விகிதம். 2013இல் வீட்டுச் சின்னத்துக்கு வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 62 வீதம் பேர் விக்னேஸ்வரனைத் தெரிவு செய்தனர். 2020இல் அவர் நின்ற தமிழ் மக்கள் தேசியக் கூட்டணியின் மீன் சின்னத்துக்கு விழுந்தது 35,927. அதில் அவருக்கு 60 வீதம். பட்டியலுக்குள் அவர் செல்வாக்கு இறங்கவே இல்லை எனலாம். சுருங்கியது பட்டியல். (சிறிய கட்சியில் தலைவருக்கு வாக்குக் குவிவது இயல்பு என்பதையும் மறுப்பதற்கில்லை.)

வீடும் அப்படியே நிற்கவில்லை. 2013இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டிலும் சேர்த்து அதற்கு 250,986; 2020இல் 112,967. இழந்த 138,000 வாக்கில் மீனுக்குப் போயிருக்கக்கூடியது, மொத்தமும் வீட்டிலிருந்து வந்ததென்று வைத்தாலும், கால்வாசிதான். மிச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவர் வென்ற விதமும் பலர் கவனிக்காதது. 7 ஆசனத்தில் ஒன்று முதலிடம் வந்த கட்சியான தமிழரசுக்குப் போனஸ். ஆசனப் பங்கீட்டில் சேரத் தேவையான 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஐந்து கட்சிகளின் வாக்கு 299,367. அதை மீதி ஆறால் வகுத்து, பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கினால் 49,895. இந்த எண்ணைத் தொட்டவை தமிழரசும் (2 ஆசனம்) 55,303 பெற்ற தமிழ்க் காங்கிரசும் (1) மட்டுமே. மற்ற மூன்றும் மிச்ச வாக்கின்படி சுதந்திரக் கட்சிக்கும் (49,373) ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியான ஈ.பி.டி.பி.க்கும் (45,797) மீனுக்கும் போயின. மீனின் ஆசனம் அந்த வரிசையில் கடைசி. ஆனால் அடுத்து நின்ற தமிழரசின் மிச்சம் 13,177தான் என்பதால் அது மயிரிழையில் கிடைத்ததுமல்ல.

2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் அதற்கும் தேர்தல் நடக்கவில்லை. இனி எவருடைய விருப்பு வாக்கை அச்சிட்டாலும், பக்கத்தில் பட்டியலின் வாக்கையும் மாவட்ட எல்லையையும் போடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்