ஸ்கொயருக்கு எத்தனை பவுண்டு தார்? ஷிங்கிள் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ஷிங்கிள், அதாவது ஓடு போல் கூரைமேல் வரிசையாக ஆணியடிக்கும் தார்ப் பட்டை, செய்து விற்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். வாரண்டி கேட்ட இன்னொரு டெக்சஸ் வீட்டுக்காரருக்கும் உங்களிடமிருந்து அதே பதில்தான் வந்திருக்கிறது. ஷிங்கிள் மேல் தாரில் பதித்த கல் துகள் உதிர்ந்ததற்குச் சரக்கு காரணமல்லவாம், அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) காற்றோட்டம் போதாதாம். 'லைஃப்டைம்' என்று சொல்லி விற்ற கூரை அது. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஸ்கொயருக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, மொத்த எடை எவ்வளவு, அதில் தார் எவ்வளவு என்று ஷிங்கிள் கட்டின் மேலுறையில் அச்சிடுங்கள்.

கந்தல் துணியை அரைத்துச் செய்த அட்டையில் தாரை ஊற வைத்த காலம் உங்களுக்குத் தெரியாததல்ல. 36க்கு 12 அங்குலப் பட்டை, வெளியே தெரிவது 5 அங்குலம், ஸ்கொயருக்கு 80. '235 பவுண்டு' என்று எடையைச் சொல்லியே விற்றார்கள். பிறகு கண்ணாடி இழைப் பாய் வந்தது. தீத் தடுப்பில் 'சி' வகுப்பிலிருந்து 'ஏ' வகுப்புக்கு ஏறியது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாய் அட்டையைப் போலத் தாரைக் குடிப்பதில்லை. மேலே பூசும் தாரிலோ பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் பொடி. மொத்த எடையை மட்டும் சொன்னால் பொடியும் எடைதானே! அதனால்தான் தாரைத் தனியாகக் கேட்கிறோம்.

2011 வாக்கில் '30 வருட' ஷிங்கிள்கள் எல்லாம் 'லைஃப்டைம்' ஆயின. பெயர் மாறியதும் ஆயுள் கூடிவிட்டது போலும்.

வாரண்டி கேட்டால், கூரையிலிருந்து மாதிரி கழற்றி அனுப்பச் சொல்கிறீர்கள். ஒரு ஷிங்கிளை அதன் சொந்த ஆணிகள் நான்கும் மேல்வரிசையின் ஆணிகளும் சேர்ந்து பிடித்திருக்கின்றன. அதை உருவ மேலே இரண்டு வரிசையை அடியில் ஒட்டியிருக்கும் பசையைத் தட்டைக் கம்பியால் நெம்பிப் பிரிக்க வேண்டும். வெயில் ஏறினால் பசை இழுபடும், துகள் கையோடு வரும். கடுங்குளிரில் ஷிங்கிளே முறியும். மாற்று வைத்தபின், பிரித்த ஒவ்வொன்றின் அடியிலும் கால் டாலர் காசளவுக்குக் கூரைச் சிமெண்ட் வைத்து அழுத்தாவிட்டால் அடுத்த காற்றில் அதே இடம் தூக்கும். தூக்கினால், 'பசை பிரிக்கப்பட்டிருக்கிறது' என்று அதையும் தள்ளுபடி செய்யலாம். வசதிதான்.

இத்தனைக்கும் பிறகு கோரிக்கை ஏற்கப்பட்டால் கிடைப்பது, பெரும்பாலும் முதல் பத்தாண்டு கழிந்ததும் வருடா வருடம் தேயும் சரக்கு விலை. பழையதை உரிக்கும் கூலியும் குப்பைச் செலவும் வீட்டுக்காரர் தலையில். காப்பீட்டுக்காரரிடம் போனால் அவர் கூரையின் வயதைக் கணக்குப் பார்த்துக் கழிக்கிறார். உங்கள் ஏட்டில் ஆயுள் முழுக்க நிற்கும் கூரை, அவர் ஏட்டில் கிழடு. நீங்கள் இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் நன்றாயிருக்கும்.

காற்றோட்டம் குறைவென்றால் அதையும் எண்ணோடு எழுதுங்கள். 1,500 சதுர அடி அட்டிக்குக்கு 150க்கு 1 என்ற கணக்கில் 10 சதுர அடித் திறப்பு வேண்டும். சாஃபிட்டில் (கூரை விளிம்பின் அடிப்பக்கத்தில்) எவ்வளவு, ரிட்ஜ் வென்டில் (கூரை முகட்டுத் திறப்பில்) எவ்வளவு என்று அளந்தீர்களா? பதிலில் ஓர் எண்கூட இல்லை.

மன்னிக்கவும், பேச்சு நீண்டுவிட்டது. மேலுறையில் தயாரிப்புக் குறியீடு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மொத்த எடை, தாரின் எடை, பாயின் எடை என்று மூன்று எண்களுக்கு இடமிருக்கிறது. அடுத்த அச்சிலேயே அவற்றைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூரை வேலை அறிந்த சிலர்