அக்டோபர் மாதத்து மார்க்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். கெமிஸ்ட்ரி முதல் மிட்டெர்மில், அதான் செமஸ்டர் நடுவே வைக்கும் தேர்வில், 58 என்று உன் மகள் பாப்பா ராத்திரி ஃபோனில் அழுதாளாமே. "டாக்டர் கனவை இத்தோடு விட்டுவிடச் சொல்லட்டுமா" என்று கேட்டிருக்கிறாய். ஒஹாயோவில் பன்னிரண்டு வருஷமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்துகிறவள் சொல்கிறேன், இப்போது எந்த முடிவும் எடுக்காதேடி.

முதலில் வகுப்புச் சராசரி எவ்வளவு என்று அவளைக் கேள். நாம் திருச்சியில் படித்தபோது 40 வாங்கினால் பாஸ், 60 வாங்கினால் முதல் வகுப்பு. பக்கத்தில் இருப்பவள் எவ்வளவு வாங்கினாலும் நம் மார்க் நம்முடையதுதான். இங்கே அமெரிக்காவில் பெரிய வகுப்புகள் பலவற்றில் சராசரியை வைத்துத்தான் கிரேடு. சராசரி 52 என்றால் அவளுடைய 58 'பி'யாகக்கூட இருக்கலாம். எல்லாரும் அப்படிப் போடுவதில்லை, 90க்கு மேல்தான் 'ஏ' என்று கறாராக இருப்பவர்களும் உண்டு. சிலபஸில் எழுதியிருக்கும், பார்க்கச் சொல்.

போன வருஷம் இதே மாதம் ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். பள்ளியில் 98க்குக் கீழே வாங்கியதே இல்லையாம். கையில் 47 மார்க் பேப்பர், அதன் மூலையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் பென்சிலால் ஜிபிஏ கணக்கு ('ஏ'க்கு 4, 'பி'க்கு 3, 'சி'க்கு 2 என்று வைத்துப் பார்க்கும் கிரேடு சராசரி), மூன்று தசம இடம் வரைக்கும். நான் அந்த பென்சிலை வாங்கி இன்னொரு கணக்குப் போட்டேன். இந்த 4 கிரெடிட் (வாரத்து வகுப்பு மணியை ஒட்டிப் பாடத்துக்குத் தரும் எடை) பாடத்தில் 'சி' வந்து மற்ற 11 கிரெடிட்டிலும் 'ஏ' வந்தால் இந்த செமஸ்டர் 3.47. நாலு வருஷத்து 120 கிரெடிட்டில் மீதி எல்லாம் 'ஏ' என்றால் 3.93. அந்த எண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பேப்பரைத் திருப்பி, லிமிட்டிங் ரீஏஜென்ட் கணக்கில், அதாவது எந்தப் பொருள் முதலில் தீரும் என்று பார்க்கும் கணக்கில், எங்கே தவறினோம் என்று கேட்டாள். கிராமை மோலாக மாற்றாமலே ஒப்பிட்டிருந்தாள். மூன்று கணக்கிலும் அதே தவறு!

மீதி எல்லாம் 'ஏ' வாங்குவது லேசில்லை, ஒத்துக்கொள்கிறேன். இங்கே நாலு வருஷ டிகிரிக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதற்கு விண்ணப்பிக்கும்போது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ பார்ப்பார்கள். அதே பாடத்தைத் திரும்ப எடுத்தால் இரண்டு கிரேடையும் சேர்த்துத்தான் கணக்கு. அதனால்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

எனக்கு மார்க்கைவிட அவளுடைய வாரம்தான் கவலை. கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ், இங்கிலீஷ், இரண்டு லேப் என்று எழுதியிருந்தாய். 15 கிரெடிட்டுக்கு வகுப்பு 15 மணி, வெளியே படிக்க 30 மணி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. லேப் அந்தக் கணக்குக்குள் அடங்காது. மூன்று மணி நேரம் நின்று செய்யும் லேபுக்கு ஒரே கிரெடிட்தான், அதற்கு முன் தயாரிப்பும் பின் ரிப்போர்ட்டும் தனி. இதற்கு மேல் ஆஸ்பத்திரியில் வாலண்டியர் வேலை எதற்கு? இந்த செமஸ்டர் வேண்டாம் என்று சொல். அடுத்த வருஷம் செய்யலாம்.

இன்னொன்று. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரில் பாஸ் ஆனால் பாஸ் என்று மட்டும் போடுவார்கள், ஃபெயில் ஆனால் பதிவிலேயே வராது. எல்லாக் கல்லூரியிலும் அப்படி இருக்க வேண்டும் என்று டிபார்ட்மெண்ட் மீட்டிங்கில் சொல்லிப் பார்த்துவிட்டேன். வீட்டை விட்டு வந்து எட்டு வாரம் ஆன குழந்தைக்குப் போடும் கிரேடு எதைக் காட்டப்போகிறது? கர்வ் இருக்கிற, அதாவது சராசரியை வைத்துக் கிரேடு போடுகிற வகுப்பில் நோட்ஸைக்கூட ஒளித்து வைக்கிறார்கள். நாம் ஒரே ரெக்கார்டு நோட்டை ஆறு பேர் வைத்துப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி எது என்று இன்றே கேட்டு வை. அதற்குள் விலகினால் 'டபிள்யூ' என்று பதிவாகும், ஜிபிஏவைத் தொடாது. ஆனால் இரண்டாவது மிட்டெர்ம் அதற்கு முன்னால் வருகிறதா என்றும் பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளை எனக்கு ஃபோன் பண்ணச் சொல். திட்டமாட்டேன் என்று சொல்லி வை. அந்த 58 மார்க் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி