செயற்கைக் காலுக்குள் இருக்கும் தோலையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் செயற்கைக் கால்கள் வழங்கப்படும் நிகழ்வுகள் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் அவ்வப்போது காண்கிறோம். வழங்குபவர்களின் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் காலைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் ஆறு மாதம் கழித்தும் அதை அணிந்து நடக்கிறாரா, இல்லையென்றால் ஏன் என்பதை எவரும் விசாரிப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து பல ஆண்டுகளாகச் செயற்கைக் காலில் நடமாடுகிறவன் நான். எனக்குத் தெரிந்த பலர் அதை வீட்டு மூலையில் சாத்திவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பியதற்கு எஞ்சிய காலின் (வெட்டப்பட்டபின் மிஞ்சியிருக்கும் பகுதியின்) தோலில் வந்த புண்ணே காரணம் என்பதை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

உள்ளங்காலின் தோல் உடலின் பாரத்தைத் தாங்கவென்றே தடித்து அமைந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள தோல் அப்படிப்பட்டதன்று. அந்த மெல்லிய தோலைத்தான் பொலிப்புரொப்பிலீன் போன்ற காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் செய்த சொக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலின் மேற்பகுதியிலுள்ள கிண்ணம் போன்ற உறைக்குள், நாள் முழுவதும் அடைத்து வைத்து, ஒவ்வோர் அடிக்கும் அதன்மேல் பாரத்தை ஏற்றுகிறோம். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் வியர்வை வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வுக்கு எளிதில் கொப்புளிக்கிறது. மயிர்க்கால்கள் அழற்சியடைந்து கட்டிகள் வருகின்றன. பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. மாரி காலத்திலோ எஞ்சிய காலுக்கு அணியும் காலுறை துவைத்தால் காய்வதில்லை. மாற்றுக் காலுறை இல்லாதவர் ஈரமானதையே மறுபடி அணிந்துகொண்டு வயலுக்குப் போகிறார். வரம்பிலே வழுக்கிச் சேறு உள்ளே போனாலும், கடற்கரையிலே ஒரு சிட்டிகை மணல் புகுந்தாலும், மாலைக்குள் தோல் உரிந்துவிடும்.

பலருக்கும் விளங்காத இன்னொரு விடயம், எஞ்சிய காலின் பருமன் ஒரே அளவில் நிற்பதில்லை என்பது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரையில் அது சுருங்கிக்கொண்டே போகும். ஒரே நாளிலும் காலையில் இறுக்கமாக இருந்த சொக்கெட் பிற்பகலில் தளர்ந்துவிடும். தளர்ந்தால் கால் உள்ளே மேலும் கீழும் ஓடி, எலும்பு முனைகளில் தோல் தேய்கிறது. இதற்காகத்தான் 1, 3, 5 இழை எனப் பல தடிப்புகளில் காலுறைகள் உள்ளன. தளர்வுக்கேற்ப ஒன்றைச் சேர்ப்பதும் கழற்றுவதும் ஒரு பழக்கம்; யாராவது கூடவிருந்து காட்டித்தர வேண்டிய பழக்கம். ஒரு சோடிக் காலுறையைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இதைவிடக் கொடியதொன்றும் உண்டு. எஞ்சிய காலின் நுனி சொக்கெட்டின் அடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க, மேற்பகுதி மட்டும் இறுக்கிப் பிடித்தால், நுனியில் நீர் தேங்கி வீங்குகிறது. நாளடைவில் அவ்விடத்துத் தோல் கறுத்துத் தடித்து மரு அடர்ந்ததுபோல் கரடுமுரடாகி, வெடித்துக் கசியவும் தொடங்குகிறது. களிம்பு களிம்பாக மாற்றிப் பூசியும் இது ஆறாது, ஏனெனில் கோளாறு சொக்கெட்டின் பொருத்தத்தில் இருக்கிறது. அதைத் திருத்தி நுனிக்குச் சீரான தொடுகை கிடைக்கச் செய்தால் தோல் படிப்படியாகத் தெளியும். ஆகவே தோலைப் பார்க்கும் வைத்தியரும் காலைச் செய்யும் தொழில்நுட்பவியலாளரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. எஞ்சிய காலை இரவில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, சவர்க்காரம் சிறிதும் தங்காமல் அலசி, ஒற்றித் துடைத்து உலரவிட வேண்டும். செயற்கைக் காலை அணியும் நேரத்தில் கழுவினால் ஈரத்தில் தோல் ஊறி உராய்வு கூடும். எண்ணெயோ களிம்போ பூசுவதானால் அதுவும் இரவில்தான். மயிரை மழிக்கக் கூடாது. சொக்கெட்டின் உட்புறத்தையும் லைனரையும் (தோலுக்கும் சொக்கெட்டுக்கும் இடையில் அணியும் மெத்தென்ற உறையையும்) நாள்தோறும் துடைத்துக் காயவைக்க வேண்டும். காலைக் கழற்றியபின் சிவந்த இடம் 10 முதல் 15 நிமிடங்களில் பழைய நிறத்துக்கு வராவிட்டால் அங்கே அழுத்தம் கூடுதல் என்று கொள்ளலாம். எங்கள் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாதாகையால் தொட்டுப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் அறிவது நல்லது. தோல் உரிந்தால், எத்தனை அவசர வேலை இருந்தாலும், ஆறும்வரை காலை அணியாதிருப்பதே வழி. நாட்கூலிக்குப் போகும் ஒருவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன்.

யுத்தத்திலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தவர்கள் முதுமையை அடைந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், சலரோகத்தால் கால் இழப்பவர்களும் அவர்களோடு சேர்கிறார்கள். இவர்களுடைய நிலைமை மேலும் ஆபத்தானது. நரம்பு மரத்துப்போனதால் கொப்புளம் வலிக்காது. இரத்தவோட்டம் குறைந்ததால் புண் ஆறாது. இறுதியில் முழங்காலையும் இழக்க நேரலாம். சலரோகக் கிளினிக்குகளில் மற்றப் பாதத்தைப் பார்க்கும்போதே செயற்கைக் காலைக் கழற்றி எஞ்சிய காலையும் பார்க்கும் வழக்கம் வந்தால், இதிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அதற்குப் புதிய கருவியோ கட்டடமோ தேவையில்லை.

வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வருகிறவருக்குச் சொக்கெட்டில் ஒரு சிறு திருத்தம் செய்வதற்கே ஒரு நாள் உழைப்பும் பேருந்துச் செலவும் போய்விடுகின்றன. அதனால் புண் பெரிதாகும்வரை பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்புறுதி செய்தது. புனர்வாழ்வுச் சேவைகள் கிராமப்புறங்கள் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றளவு அண்மையில் கிடைக்க வேண்டும் என்று அதன் 26ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே செயற்கைக் கால் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது இரு மாவட்டங்களின் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் வந்து திருத்த வேலைகளைச் செய்வதற்குக் கிழக்கு மாகாணச் சுகாதாரத் துறையினர் ஒழுங்குசெய்ய வேண்டும். காலுறைகளும் மருந்தைப் போலவே கிளினிக்கில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். கால்களை அன்பளிப்புச் செய்யும் அமைப்பினர் ஒவ்வொரு காலுடனும் குறைந்தது ஆறு காலுறைகளையும், முதலாம், மூன்றாம், ஆறாம் மாதங்களில் மீண்டும் வந்து காட்டுவதற்கான திகதிகளையும் சேர்த்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.