பாப்பா, பலகைக்கு முன்னால் அடிச்சட்டம்

பாப்பா,

உங்கள் ஆஸ்திரேலியா வீட்டுக்குப் பின்னால் போடப்போகும் டெக்குக்கு, அதாவது மரப்பலகைத் திண்ணைக்கு, மாப்பிள்ளை வாட்ஸாப்பில் அனுப்பிய கொட்டேஷனைப் படித்தேன், பின்பக்கத்துப் போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல இடம்தான், சமையலறைக் கதவைத் திறந்ததும் டெக்கில் கால் வைக்கலாம். ஆனால் மேலே தெரியப்போகும் பலகையைப் பற்றியே முக்கால்வாசி எழுதிவிட்டு, அதைத் தாங்கப்போகும் அடிச்சட்டத்துக்கு ஒரே ஒரு வரி போட்டிருக்கிறார்கள், ‘டிரீட்டட் பைன்’, மருந்தேற்றிய பைன் மரம் என்று, அவ்வளவுதான். செங்கோட்டை மரக்கடையிலேயே ஆயுசைக் கழித்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்த ஒரு வரிதான். நீ கேட்டது பலகைக்கு மெர்பாவ் மரம் வாங்குவதா, ஸ்பாட்டட் கம் மரம் வாங்குவதா என்று. சொல்கிறேன், அதற்கு முன் இதைக் கேள்.

வெளியே கிடக்கும் மரத்தின் மேல்பக்கம் நனைந்தாலும் காற்றும் வெயிலும் பட்டு உலர்ந்துவிடும். பலகையும் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடம், திருகாணி இறங்கிய ஓட்டை, அறுத்த முனை, மண்ணைத் தொடும் கால், இங்கெல்லாம்தான் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும், பூஞ்சை பிடிக்கும், இற்றுப்போகும். பர்மாவில் அமரபுரத்தில் ஊ பெய்ன் பாலம் இருக்கிறது, 1850 வாக்கில் பழைய அரண்மனைத் தேக்கை வைத்துக் கட்டியது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இன்றைக்கும் ஜனங்கள் அதன்மேல் நடக்கிறார்கள். பர்மாத் தேக்குக்கு மேல் ஒரு மரம் உண்டா? அங்கேயே தண்ணீரில் நின்ற தூண்கள் சில போய்விட்டன, அந்த இடத்தில் கான்கிரீட் தூண் வைத்திருக்கிறார்கள்.

பைன் என்றதும் இங்கே எல்லோருக்கும் பேக்கிங் பெட்டிதான் ஞாபகம் வரும். உங்கம்மா, “இதுக்கா இத்தனை டாலர்?” என்று கேட்டே விட்டாள். மட்டமாக நினைக்க வேண்டாம், அங்கே அதைச் செய்யும் விதம் வேறு. கட்டையை உருளைத் தொட்டிக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றுகிறார்கள். மரம் எங்கே இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்து எச்1 முதல் எச்6 வரை வகுப்பு உண்டு. தரைக்கு மேலே மழை படும் சட்டத்துக்கு எச்3 போதும். மண்ணில் இறங்கிப் பாரம் தாங்கும் காலுக்கு எச்5 கேள். எச்4 என்பது வேலிக்கால், தோட்டத்து வரப்புக் கட்டை மாதிரியான வேலைக்கு. கட்டையின் முனையில் ஒரு சீட்டு அடித்திருப்பார்கள், லாரியிலிருந்து இறக்கும்போதே அதைப் பார்த்துவிடு. கால்களை மண்ணில் புதைக்காமல், கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பாதத்தின் மேல் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, மருந்து ஏறிய கட்டையை ஆசாரி அளவுக்கு அறுத்தால் மருந்து சரியாக எட்டாத நடுப்பகுதி வெளியே வந்துவிடும். அறுத்த ஒவ்வொரு முனையிலும் அதற்கென்று விற்கும் மருந்தைப் பூசியாக வேண்டும். ஆட்கள் சோம்பல்படும் இடம் இதுதான், நீ பக்கத்தில் நின்றால் பூசுவார்கள். அப்புறம், அந்தச் செம்பு சாதாரண ஆணியைத் தின்றுவிடும், சட்டத்துக்கு ஹாட் டிப் கால்வனைஸ்டு, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி, பலகைக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணி. கடலுக்குப் பக்கம் என்றால் 316 தர ஸ்டெயின்லெஸ். இதில் மிச்சம் பிடிக்காதே.

பழைய டெக்கைப் பிரித்துப் போடுவதாகச் சொன்னாய் அல்லவா, அந்தக் கட்டையை எரிக்கவே கூடாது. முன்பெல்லாம் ஆர்சனிக் கலந்த மருந்தைத்தான் ஏற்றுவார்கள், டெக், கைப்பிடி போன்றவற்றுக்கு அதை ஆஸ்திரேலியாவில் 2006-இல்தான் நிறுத்தினார்கள். பார்பிக்யூவில் போட்டால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லு.

உங்கள் செங்கல் சுவரின் கீழ்வரிசையில் அங்கங்கே சாந்து வைக்காமல் செங்குத்தாக இடைவெளி விட்டிருப்பார்கள். அது சுவருக்குள் போகும் தண்ணீர் வெளியேறவும் காற்று போய்வரவும் விட்டது. டெக்கை உயர்த்திக் கட்டி அதை மூடிவிடக் கூடாது. கரையான் மண்பாதை ஏறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே 75 மில்லிமீட்டர் சுவரைத் திறந்து விடச் சொல்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள். டெக்குக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும், அழகுக்காக நாலு பக்கமும் பலகை அடித்து மூடச் சொல்லாதே.

சரி, பலகைக்கு வருகிறேன். மெர்பாவ் இந்தோனேசியா, மலேசியா, பப்புவா பக்கத்து மரம், கனமான மரம், வெளிவேலைக்கு நன்றாக உழைக்கும். ஆனால் முதல் மழைகளில் செம்பழுப்புச் சாயம் விடும். நம் வேங்கைத்தூள் நனைந்தால் வேட்டியில் மஞ்சள் ஏறுமே, அந்த ஜாதிக் குணம். டெக்கை ஒட்டி வெளிர்நிறச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறாய், கறை அதில் இறங்கினால் தேய்த்து மாளாது. பலகையை இறக்கிப் பரப்பி சில வாரம் மழையில் நனையவிட்டுச் சாயம் போனபின் அடிக்கச் சொல், இல்லையென்றால் ஆக்சாலிக் அமிலம் கலந்த டெக் கிளீனரால் கழுவச் சொல். வாங்கும்போது சான்றிதழும் கேள், அந்த மரத்தில் திருட்டு வெட்டு அதிகம்.

ஸ்பாட்டட் கம் அந்த நாட்டு மரம், குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்திலிருந்து வருவது. சாயம் குறைவு, கடினம் அதிகம், ஓட்டை போடாமல் திருகாணி இறக்கினால் முனை பிளக்கும். காட்டுத்தீ பயம் உள்ள இடங்களுக்கு ஒப்புக்கொண்ட ஏழு மரங்களில் இதுவும் ஒன்று, மெர்பாவும் ஒன்று. விக்டோரியாவிலேயே அறுத்த மரம் வேண்டும் என்று மாப்பிள்ளை தேடினால் கஷ்டம், 2024 ஜனவரியோடு அந்த மாநிலத்து அரசுக் காடுகளில் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால் ஸ்பாட்டட் கம் வாங்கு. விலை கூடினால் அகலப் பலகையை விட்டுவிட்டு 86 மில்லிமீட்டர் பலகையாக எடு, அகலம் குறைந்தால் குழிவாக வளைவதும் குறையும். ஒவ்வொரு பலகையையும் முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார், முறுக்கு இருந்தால் ஒதுக்கு. ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அது வெள்ளை, மரத்தின் இளசான வெளிப்பகுதி, முற்றிய உள்மரமான வைரம் இல்லை, பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும்.

தேக்கு வேண்டுமா என்று சித்தப்பா கேட்டான். கேரளத்து நிலம்பூரில் 1840-களில் நட்ட தேக்குகள் இன்னும் நிற்கின்றன, அந்த மாதிரி முற்றிய மரம் என்றால் பேசலாம். இப்போது தோட்டத் தேக்கு என்று விற்பதில் பாதி இளமரம், வைரமே பாய்ந்திருக்காது. அதோடு, இங்கிருந்து அனுப்பலாம் என்றால், அங்கே மாவிலைத் தோரணத்தையே ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் விடச் சொல். அந்தச் சந்தில் இலைக்குப்பை சேர்ந்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை பெருக்கிவிடு, சிக்கியதைக் கத்தி நுனியால் கிளறி எடு. எண்ணெய் போடும் காலம் வந்ததா என்று பார்க்க ஒரு கைத் தண்ணீர் தெளி. முத்தாக நின்றால் விட்டுவிடு, பலகை குடித்துவிட்டால் போடு. உங்கள் வெயிலுக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது வேண்டியிருக்கும். கொதிக்கும் பலகையில் போடாதே, இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ சாயங்காலமாக, மரத்தின் ரேகை போகும் திசையில் மெல்லிசாக இரண்டு கோட். மிஞ்சியதைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் பிசுபிசுத்து மண் ஒட்டும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதே பாப்பா. ஆளிவிதை எண்ணெய் கலந்த துணி உலரும்போது தானாகவே சூடேறும், குவியலாகக் கிடந்தால் யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் ஊறவை.

பிரஷர் வாட்டர் அடிக்காதே, நார் நாராகக் கிளம்பிவிடும். கறிவேப்பிலைத் தொட்டியை நேராகப் பலகைமேல் வைக்காமல் அடியில் காற்று போகும்படி தூக்கி வை. எண்ணெய் போட முடியாத வருஷம் மரம் சாம்பல் நிறமானால் பதறவேண்டாம், வெயில் மேல்தோலை மட்டும் வெளுக்க வைக்கிறது, எனக்கு அந்த நிறமே பிடிக்கும். பதறவேண்டியது வேறு விஷயத்துக்கு: வருஷம் ஒருமுறை குனிந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் சட்டத்தின் முனைகளைக் குத்திப் பார். உள்ளே மெத்தென்று இறங்கினால் உடனே ஆளைக் கூப்பிடு.

பலகை அடிக்க ஆரம்பிக்கும் முன்னால் சட்டம், கால், சுவரோடு சேரும் இடம் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு, பலகை ஏறிய பிறகு எதையும் பார்க்க முடியாது. நான் கேட்டதாக மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டாம், சந்தேகப்படுகிறேன் என்று நினைக்கப்போகிறார். நீயே ஆசைப்பட்டு எடுப்பதுபோல எடு.

அப்பா