சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்கா ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2022

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும், இரண்டு நீலக் குறி விழும், அத்தோடு சரி.

மூன்று ஆண்டுக்குப் பிறகு பொதுக்கூட்டத்தை நேரில் நடத்துகிறோம். கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை சேரத் தாமதமாகும் என்று தெரிந்ததால் அழைப்பில் 4 மணி என்றும் என் நாட்குறிப்பில் 4.30 என்றும் எழுதிவைத்தேன்.

2022 ஜனவரி முதல் டிசம்பர் வரை செயற்குழு ஆறு முறை கூடியது. மலேசிய எல்லை ஏப்ரல் 1ஆம் தேதி திறந்ததால் ஜூன் பள்ளி விடுமுறையில் ஜோகூர் லீகோலேண்டுக்குப் போய்வந்தோம். திரும்பும் வழியில் பாலத்தில் நின்ற நேரம் பூங்காவில் இருந்த நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. செந்தோசா தீவின் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் இரண்டு ஆண்டு நின்றுபோயிருந்த ஹாலோவீன் பேய் இரவுகள் மீண்டும் நடந்தன, இளையர் அணி போனது, நான் போகவில்லை. தீபாவளி ஒன்றுகூடல் நன்றாக நடந்தது. டிசம்பரில் ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போனோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். செயலாளர் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்று ஒரு குறை இருப்பது தெரியும். இந்தச் சங்கம் தொடங்கியதிலிருந்து நம் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருந்த இரவு ஒன்று உண்டென்றால், அது யூனிவர்சல் ஸ்டூடியோசில் மடகாஸ்கர் பகுதியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி நம் குழுவுக்கு வந்த இரவுதான்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. மடகாஸ்கர் இருந்த இடத்தில் மினியன் (‘டெஸ்பிக்கபிள் மீ’ படத்து மஞ்சள் குட்டி உருவங்கள்) பகுதி வரப்போவது 2019 ஏப்ரலிலேயே, 4.5 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விரிவாக்கத் திட்டத்தோடு சொல்லப்பட்டதுதான். இடையில் கிருமித்தொற்று வந்ததில் நாம் மறந்துவிட்டோம். மூடும் தேதி வந்ததும்தான் உறைத்தது. 2022 மார்ச் 27, ஞாயிறு, கடைசி நாள். மூடப்பட்ட சவாரியின் பெயர் ‘மடகாஸ்கர்: எ கிரேட் அட்வென்ச்சர்’. தமிழில் எழுதினால் ‘மகத்தான’ என்ற பொருளிலும் படிக்கலாம். ஆனால் இந்தக் கிரேட் மரப்பெட்டி. நியூயார்க் விலங்குத் தோட்டத்துச் சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் பெட்டியோடு கப்பலிலிருந்து கடலில் விழுந்து தீவில் கரையொதுங்கும் கதை. நாம் படகில் உட்கார்ந்தபடி இருட்டுக்குள் மெதுவாக அதைக் கடந்து போவோம். 2011இல் திறந்தது. பதினோரு வயது நிறையும் முன்பே போய்விட்டது.

அன்றிரவு குழு இரண்டு கட்சியானது. மினியன் கட்சியின் வாதத்தை, அது என் கட்சி இல்லையென்றாலும், நேர்மையாகப் பதிவுசெய்கிறேன். மடகாஸ்கர் படம் 2005இல் வந்தது. இன்று பாலர்பள்ளிப் பிள்ளையிடம் அந்தச் சிங்கத்தைக் காட்டினால் யார் என்று கேட்கும், மஞ்சள் உருவத்தைக் காட்டினால் சிரிக்கும். பொம்மைகளும் முன்போல அசைவதில்லை. ஒசாகாவில் ‘பேக் டு த ஃபியூச்சர்’ சவாரியை 2016இல் மூடி, அடுத்த ஆண்டே அதே கட்டடத்தில் மினியனைக் கொண்டுவந்தார்கள், யாருக்கும் குடிமுழுகிவிடவில்லை. அங்கே போய்வந்த ஓர் உறுப்பினர், வரிசையில் தான் நின்ற நேரத்தைப் படமெடுத்து ஆதாரமாகப் போட்டார்.

மடகாஸ்கர் கட்சி சொன்னது இது. வெளிநாட்டில் இருப்பதுபோலத் திரைக்கு முன்னால் ஆடும் இருக்கைதான் இங்கும் வரும். திரை வீட்டிலேயே இருக்கிறது. படகு இல்லை. டைனோசர் பக்கம் இருக்கும் வட்டப் படகில் ஏறினால் நனைந்துதான் இறங்க வேண்டும், பாட்டிகளை அதில் ஏற்ற முடியாது.

நள்ளிரவு தாண்டி நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஹாவ் பார் வில்லா என்ற சிலைப் பூங்காவை இழுத்தார். டைகர் பாம் தைலப் புகழ் ஆவ் பூன் ஹாவ் 1937இல் தம்பிக்காகக் கட்டியது. 1990இல் அதை டிராகன் வேர்ல்டு என்று கேளிக்கைப் பூங்காவாக மாற்றி, கட்டணம் போட்டு, டிராகன் வயிற்றுக்குள் படகு விட்டார்கள். கூட்டம் குறைந்தது. இன்று படகு இல்லை, சிலைகள் இருக்கின்றன, அங்கே நுழையக் காசும் இல்லை. அவர் சொல்லி முடித்ததும் ‘பார்த்தீர்களா, மாற்றக் கூடாது’ என்றது ஒரு கட்சி, ‘பார்த்தீர்களா, படகெல்லாம் நிற்காது’ என்றது மறு கட்சி. அண்ணன் எந்தக் கட்சி என்று இன்றுவரை சொல்லவில்லை.

அவசரக் கூட்டம் ஜூமில் கூட்டினேன். சவாரியின் ஏதாவது ஒரு பகுதியை, ஒரு படகையாவது, பார்வைக்கு வைக்கும்படி பூங்காவுக்குக் கடிதம் எழுதலாம் என்று 11க்கு 8 வாக்கில் முடிவானது. எழுதுவது யார்? செயலாளர். தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் எழுதி, ‘கெஞ்சுவதுபோல் இருக்கிறது’ என்றதும் மாற்றி, ‘மிரட்டுவதுபோல் இருக்கிறது’ என்றதும் மறுபடி மாற்றி, மூன்றாம் வரைவைக் கையெழுத்துக்கு அனுப்பினேன். ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள். ஆதரித்து வாக்களித்தவர்கள் பதினொருவர் என்பதை மீண்டும் ஒருமுறை குறிப்பிடுகிறேன். ஐந்து கையெழுத்தோடு ஒரு சங்கம் கடிதம் போட்டால் நம்மைப் பார்த்து யார் பயப்படுவார்கள், யார் இரக்கப்படுவார்கள்? அனுப்பவில்லை. கோப்பில் இருக்கிறது, பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்.

கடைசி நாளுக்குப் போகலாம் என்று கருத்துக்கணிப்பு வைத்தபோது 29 பேர் ‘வருகிறேன்’ என்று அழுத்தினார்கள். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் காலை ஒன்பதரைக்கு நின்றவர்கள் ஏழு பேர். அந்த ஏழிலும் ஒருவர் மினியன் கட்சி.

அப்போது ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து இருக்கக்கூடாது என்ற கிருமித்தொற்று விதி. பத்துப் பேர் வரை கூடலாம் என்று அந்த வாரம்தான் பிரதமர் அறிவித்திருந்தார், ஆனால் அது மார்ச் 29 முதல். இரண்டு நாளில் தப்பியது. ஆகவே நால்வர், மூவர் என்று பிரிந்து, ஒருவரையொருவர் தெரியாதவர்போலச் செந்தோசாவுக்குப் போகும் பாலத்தில் நடந்தோம். படகிலும் அப்படித்தான். தலைவர், அவருடைய தாயார், பேத்தி, நான் ஆகிய நால்வர் முன் படகில், மற்றவர்கள் அடுத்ததில்.

தலைவரின் தாயாருக்கு 78 வயது. படகில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊழியர், போட்டுக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார். ‘தண்ணியில போறோம்ல’ என்று சொல்லிவிட்டுச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையால் பேத்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பூங்காவில் அன்று அவர் ஏறியது அது ஒன்றில்தான். இறங்கியதும், ‘நல்லாத்தானே இருக்கு, ஏன் எடுக்கிறாங்க’ என்று கேட்டார். மினியன் கட்சிக்காரர் பதில் சொல்லாமல் தண்ணீர் வாங்கப் போய்விட்டார்.

விவோசிட்டி கடைத்தொகுதி மாடியில் இரண்டு பெஞ்சில் தனித்தனியாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். 29 பேருக்கு என்று கிண்டியது. மீதியை வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டோம், என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

இங்கிருந்துதான் நினைவுப் படத் தொகுப்பு என்ற திட்டம் பிறந்தது. துணைச் செயலாளர் இதைப் ‘பழைய சோறு’ என்று வர்ணித்தார். பழைய சோற்றைச் சாப்பிடுபவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். நம் உறுப்பினர் வீடுகளில் உள்ள பழைய ஆல்பங்களிலிருந்து, இன்று சிங்கப்பூரில் இல்லாத கேளிக்கை இடங்களின் படங்களைச் சேர்த்து, ஸ்கேன் செய்து, ஆண்டு, இடம் எழுதிவைப்பதுதான் வேலை. இதுவரை 214 படம். காலாங் வொண்டர்லேண்ட் ராட்டினம், செந்தோசாவின் பழைய மோனோரயில், 2007இல் நின்றுபோன இசை நீரூற்று, பாசிர் ரிஸ் எஸ்கேப் பூங்கா, ஹாவ் பார் வில்லா டிராகனின் வாய்க்கு முன்னால் தோள்பை மாட்டி நிற்கும் ஓர் அப்பா. செந்தோசா மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை) மட்டும் 40க்கும் மேல். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த 37 மீட்டர் சிங்கத்தின் முன்னால் நிற்கவைத்துத்தானே நாம் படமெடுத்திருக்கிறோம்? 2019 அக்டோபரில் அதையும் மூடி, பிறகு இடித்தார்கள். அதற்காக நம் குழுவில் யாரும் இரவு விழித்ததாகத் தெரியவில்லை.

பழைய ஆல்பத்தில் படம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் முகம் கிழிந்து வரும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல மெல்ல அறுக்க வேண்டும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்’ என்று ஒருவர் சொன்னதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க் பற்றிக் கணக்காய்வாளர் கேட்டிருக்கிறார். விலை 119 வெள்ளி. ரசீது இருக்கிறது. முன் அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. அனுமதி வாங்க வேண்டிய செயற்குழுக் கூட்டத்துக்கு நானும் பொருளாளரும் மட்டும்தான் வந்திருந்தோம் என்பதும் உண்மை.

பறவைப் பூங்காவுக்கு வருகிறேன். 1971 ஜனவரி 3ஆம் தேதி திறந்தது, 2023இல் அதே ஜனவரி 3ஆம் தேதி மூடியது, சரியாக 52 ஆண்டு. டிசம்பர் பயணத்துக்கு 19 பேர் வந்தார்கள், மகிழ்ச்சி. பறவைகளின் புதிய இடம் மண்டாய். அங்குள்ள புதிய பூங்காவுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்யலாம். இதில் கட்சி பிரியவில்லை. கிளிக்கு யாரும் மாற்று இல்லை என்பதால் இருக்கலாம்.

நிதிநிலை. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாகத் தருவார். சுருக்கமாகச் சொன்னால், வங்கியில் பணம் இருக்கிறது, சென்ற ஆண்டைவிடக் குறைவாக இருக்கிறது. சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி. மாதம் இரண்டு வெள்ளி, கோப்பிக் கடையில் ஒன்றரைக் கோப்பி. 52 உறுப்பினரில் 31 பேர் கட்டியிருக்கிறார்கள். கைப்பேசியில் பணம் அனுப்புவதற்கான பேநவ் எண் குழுவின் முகப்பிலேயே இருக்கிறது. அன்றிரவு இரண்டு மணிவரை வாதாடியவர்கள் அந்த எண்ணுக்கு மேலேயும் கீழேயும்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் பொருள் சேவை வரி 8 விழுக்காடானது. பேருந்து வாடகையும் ஏறிவிட்டது. சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தை நான் கொண்டுவரவில்லை. கட்டாதவர்கள் கட்டினாலே போதும், கட்டுபவர்களிடம் மேலும் கேட்பது முறையல்ல.

அறை தந்த சமூக மன்றத்துக்கும், கணக்காய்வாளருக்கும், தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்த அக்காமார்களுக்கும், ஆறு கூட்டத்துக்கும் தவறாமல் வந்த பொருளாளருக்கும் நன்றி. சங்கப் பதிவகத்துக்கான ஆண்டு விவரங்களை நேரத்தோடு சமர்ப்பித்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு. இன்று புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆறு ஆண்டு செயலாளராக இருந்துவிட்டேன். இளையர் யாராவது முன்வந்தால் கோப்புகளையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று தலைவர் என்னிடம் நேற்றுக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தொகுப்பில் இன்னும் முன்னூறு படமாவது பாக்கி இருக்கிறது, அதை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் திருப்பிக் கேட்டேன்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. ஸ்கேன் செய்து முடித்த அசல் படங்கள் பெயர் எழுதிய உறைகளில் கதவருகே உள்ள மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். பொருளாளரும் அதே மேசையில்தான் இருப்பார், ரசீதுப் புத்தகத்தோடு.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்
2023 பிப்ரவரி